1101 என்ற ஆண்டைத் தேடி: எல்லையோரப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு முதுகலை ஆய்வேடு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் முதுகலை வரலாறு இறுதிப் பருவம் படித்த மாணவி ஒருவர், ஆய்வேட்டுக்கு ‘நாஞ்சில் நாட்டில் பெண்களின் சொத்துரிமை’ என்ற பொருளை எடுத்தார். ஜனவரி இரண்டாம் வாரம் தலைப்புப் பதிவானது. ஏப்ரல் கடைசியில் 60 பக்க ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கல்லூரி நூலகத்தில் பாடநூல்களுக்கு மேல் அதிகம் இல்லை. ஆகவே துறைத்தலைவரின் அறிமுகக் கடிதத்தோடு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய், உட்கார்ந்து படிக்க மட்டும் அனுமதி தரும் பார்வையாளர் அட்டை வாங்கினார். மாணவியின் பெயரும் கல்லூரி, நூலகத்தின் பெயர்களும் இங்கே தரப்படவில்லை.

பொருளைப் பற்றிக் கொஞ்சம். நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களும் பக்கத்திலுள்ள கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் அவை திருவிதாங்கூரிலும், 1949 ஜூலை முதல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தன. நாஞ்சில் நாட்டு வேளாளரில் ஒரு பிரிவினர் மருமக்கள்வழி வாரிசுமுறையைப் பின்பற்றினார்கள். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும். இந்த முறையை மாற்றி எழுதியது, திருவிதாங்கூரில் வழங்கிய மலையாள ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டில் 1101-ஆம் ஆண்டின் 6-ஆம் சட்டமான நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம். மாணவியின் ஆய்வுக்கு நடுநாயகமாக இருக்க வேண்டிய ஆவணம் இதுதான். மூன்று வாரம் தேடியும் அது அவர் கண்ணில் படவில்லை.

முதல் மூன்று வாரங்கள்

வாரம் இரண்டு நாள் வீதம் ஆறு நாள் நூலகத்தில் இருந்திருக்கிறார். முதல் நாள் இரவல் மேசையில் கேட்டது: “சார், நாஞ்சில் நாட்டுப் பெண்களோட சொத்துரிமை பத்தி புக் ஏதாவது இருக்கா?” மேசையில் இருந்தவர் 305.4 அலமாரியைக் காட்டினார். பெண்கள் பற்றிய நூல்கள் அங்கேதான் இருக்கின்றன. பதிலில் பிழை இல்லை. ஆனால் அங்கே கிடைத்தவை இந்தியப் பெண்கள் பற்றிய பொது நூல்கள். நாஞ்சில் நாடு எதிலும் இரண்டு பத்தியைத் தாண்டவில்லை.

பிறகு கணினி அட்டவணையில் தேடினார். அந்த நூலகம் கோஹா என்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்துகிறது. தேடுசொல்லாக ‘நாஞ்சில் நாடு’ என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்தார். காலத்தை 1900 முதல் 1960 வரை என்று வரம்பு கட்டினார். நான்கு பதிவுகள் வந்தன, நான்கும் இலக்கிய நூல்கள். பின்னர் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் தேடி இரண்டு முனைவர் பட்ட ஆய்வேடுகளை எடுத்தார். பிப்ரவரி முதல் வாரம் வழிகாட்டியிடம் காட்டிய முதல் இயல் முழுக்க அந்த இரண்டிலிருந்தும் எடுத்த மேற்கோள்கள். வழிகாட்டி அதை ஏற்கவில்லை. மூல ஆவணம் ஒன்றுகூட இல்லாமல் வரலாற்று ஆய்வேடு எழுத முடியாது என்றும், நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவைப் பார்க்கும்படியும் சொன்னார்.

அப்படியொரு பிரிவு இருப்பதே அதுவரை மாணவிக்குத் தெரியாது. இரவல் மேசைக்கும் குறிப்புதவி மேசைக்கும் உள்ள வேறுபாடு மாணவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. இரவல் மேசை கேட்ட நூலை எடுத்துக் கொடுக்கும். கேள்வியையே சரிசெய்து தருவது குறிப்புதவி மேசை. மூன்று வாரம் வீணானதற்கு முதற்காரணம், முதல் மேசை இரண்டாம் மேசைக்கு அவரை அனுப்பாததுதான்.

குறிப்புதவி மேசையில் நடந்தது

குறிப்புதவி நூலகர் முதல் 25 நிமிடம் கணினியைத் தொடவில்லை. “எந்தப் புக் வேணும்னு இப்பச் சொல்லாண்டாம் மக்களே. என்னத்தக் கண்டுபிடிக்கணும்னு நெனைக்க, அதச் சொல்லு” என்று கேட்டார். மாணவி விரித்துச் சொல்லச் சொல்ல, நூலகர் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு நிரப்பினார்: யாரைப் பற்றி, எந்தக் காலத்தில், எந்த அரசின் கீழ். மூன்றாவது கட்டம் நிரம்பியபோதே பாதிச் சிக்கல் பிடிபட்டது. தேடும் காலம் முழுவதும் திருவிதாங்கூர் அரசின் காலம். கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரே 1956-இல்தான் வந்தது. பழைய பதிவுகளில் அந்தப் பெயர் இருக்க வழியில்லை.

அடுத்து, வீட்டில் பெரியவர்கள் இந்தச் சொத்து விவகாரத்தை எந்தச் சொல்லால் சொல்வார்கள் என்று கேட்டார். மாணவியின் பாட்டி ‘உகந்துடைமை’ என்று சொல்லிக் கேட்டதுண்டு. தந்தை வழியில் மனைவி மக்களுக்குச் சேரும் பங்குக்கு அங்கே வழங்கிய பெயர் அது. பழைய ஆங்கில அறிக்கைகளிலும் இதே சொல் எழுத்து சற்றுத் திரிந்து வருகிறது. ‘பெண்களின் சொத்துரிமை’ என்பது இன்றைய ஆய்வாளரின் சொல். நூறு ஆண்டுக்கு முன் எழுதிய எழுத்தர் அப்படி எழுதியிருக்க மாட்டார். ஆவணம் பேசிய சொல்லில்தான் ஆவணத்தைத் தேட வேண்டும். முதுகலை மாணவர்களுக்கு இதை யாரும் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது வருத்தமான உண்மை.

பிறகு எழுத்துக்கூட்டல். ஆங்கிலப் பதிவுகளில் ‘நாஞ்சில்நாடு’ என்பதைவிட, ‘ல்’ விழுந்த ‘நாஞ்சிநாட்’ என்ற வடிவமே அதிகம். மருமக்கள்வழி முறையின் மலையாளப் பெயரான ‘மருமக்கத்தாயம்’ என்பதில் வரும் ‘த்தா’ ஒலிக்கு சிலர் ‘டி’யும் ‘எச்’சும், சிலர் இரட்டை ‘டி’, சிலர் ஒற்றை ‘டி’ போட்டிருக்கிறார்கள். இதற்கு நூலகர் காட்டிய வழி எளிது: மாறாத முன்பகுதியை மட்டும், அதாவது ‘மருமக்க’ வரை ஆங்கிலத்தில் அடித்து, கடைசியில் நட்சத்திரக் குறி போடுவது. காலவரம்போடு தேடியபோது 11 பதிவுகள் கிடைத்தன. வரம்பை எடுத்துவிட்டுத் தேடியபோது 19.

ஆண்டில் ஒளிந்திருந்த எட்டுப் பதிவுகள்

கூடுதலாக வந்த அந்த எட்டில் மூன்று, திருவிதாங்கூர்ச் சட்டங்களும் பிரகடனங்களும் அடங்கிய தொகுதிகள். அவற்றின் வெளியீட்டு ஆண்டாகப் பதிவில் இருந்தவை 1088, 1100, 1101 போன்ற எண்கள். அச்சிட்ட நூலின் முகப்பில் கொல்லம் ஆண்டு மட்டும் இருந்திருக்கிறது. பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றியபோது தரவேற்றியவர் கண்ட எண்ணை அப்படியே அடித்துவிட்டார். பட்டியலாக்க விதிப்படி கொல்லம் ஆண்டை எழுதிவிட்டு அதற்கு நிகரான ஆங்கில ஆண்டைப் பகர அடைப்பில் சேர்க்க வேண்டும். மார்க் எனப்படும் கணினிப் பட்டியல் பதிவின் 008-ஆம் புலத்தில் 7 முதல் 10 வரையுள்ள இடங்களில் ஆங்கில ஆண்டுதான் வர வேண்டும். மென்பொருளின் கால வடிகட்டி பார்ப்பது அந்த நான்கு இடங்களைத்தான். 1101 என்று இருந்ததால், அந்நூல் சோழர் காலத்தில் அச்சான நூலாகக் கணக்கில் போய், 1900–1960 வரம்புக்கு வெளியே நின்றுவிட்டது.

கொல்லம் ஆண்டை மாற்றும் கணக்கையும் நூலகர் அப்போதே எழுதிக் கொடுத்தார். 825-ஐக் கூட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி மட்டுமே சரி. தெற்கே கொல்லம் ஆண்டு சிங்க மாதம் முதல் தேதி, அதாவது நம் ஆவணிப் பிறப்பில் தொடங்குகிறது. ஆவணி முதல் டிசம்பர் 31 வரை 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி 1 முதல் ஆடி முடிய 825. ஆகவே கொல்லம் 1101 என்பது 1925 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1926 ஆகஸ்ட் நடு வரை. மாதம் தெரியாமல் ஒற்றை ஆங்கில ஆண்டு எழுதக் கூடாது. மாணவி எடுத்த இரண்டு முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஒன்று இச்சட்டத்துக்கு 1925 என்றும் மற்றது 1926 என்றும் போட்டிருந்தது. இரண்டிலும் மாதம் இல்லை. சட்டத்தின் மூலப் பக்கத்தில் ஒப்புதல் தேதி மாதத்தோடு இருக்கும். அதைக் கண்ணால் பார்க்கும்வரை ‘கொல்லம் 1101’ என்றே எழுதுவது என்று முடிவாயிற்று.

சட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரை உறுதிசெய்ய நூலகர் எடுத்தது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவில் ‘மருமக்கத்தாயச் சட்டம்’ என்பதற்கு விளக்கம் தருமிடத்தில், திருவிதாங்கூர் நாயர் சட்டம், ஈழவர் சட்டம் ஆகியவற்றோடு திருவிதாங்கூர் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் பெயரோடு நிற்கிறது. பழைய சட்டம் ஒன்றின் சரியான பெயர் தெரியாதபோது, அதைச் சுட்டும் அல்லது நீக்கும் பிந்தைய சட்டத்தைத் திறந்து பின்னோக்கிப் போவது மிகவும் நம்பகமான வழி.

அலமாரியிலும் ஒரு எல்லை

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி பகுப்பில் தமிழ்நாட்டு வரலாறு 954.82, கேரள வரலாறு 954.83. இன்று நாகர்கோவில் தமிழ்நாட்டில் இருந்தாலும், 1956-க்கு முந்தைய நாஞ்சில் நாட்டைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் திருவிதாங்கூர் என்ற தலைப்போடு 954.83-இல் நிற்கின்றன. மாணவி மூன்று வாரம் 954.82 வரிசையில் நின்றிருக்கிறார். அடுத்த அடுக்குக்கு அவர் போகவே இல்லை.

அது மட்டுமல்ல. தாய்வழி உறவுமுறை பற்றிய சமூகவியல் நூல்கள் 306.83-இல், வாரிசுரிமைச் சட்டம் 346-இன் கீழ், மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகள் 315.4-இல். ஒரே பொருள் ஐந்து இடங்களில், இரண்டு மாடிகளில் பிரிந்து கிடந்தது. அலமாரியைப் பார்த்து நூல் தேடும் பழக்கம் நல்ல பழக்கம்தான். ஆனால் எல்லைப் பகுதி பற்றிய ஆய்வில் அது கைகொடுக்காது.

கணக்கெடுப்பு அறிக்கைகளில் இன்னொரு தடை உண்டு. திருவிதாங்கூருக்கான தொகுதி எண் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும்: 1901-இல் 26, 1911-இல் 23, 1921-இல் 25, 1931-இல் 28. ஒரு கணக்கெடுப்பின் தொகுதி எண்ணை வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டால் வேறு மாகாணத்தின் தொகுதி வரும். கோரிக்கைச் சீட்டில் ஆண்டையும் ‘திருவிதாங்கூர்’ என்பதையும் எழுதி, தொகுதி எண்ணை மூன்றாவதாக எழுத வேண்டும்.

எடுத்த முடிவுகள்

நூலகர் நூற்பட்டியல் ஒன்றைத் தானே தயாரித்துக் கொடுத்திருக்கலாம்; அரைநாள் வேலை. அப்படிச் செய்யவில்லை. தேடல் குறிப்பேடு ஒன்றை மாணவியே எழுத வேண்டும் என்றார்: தேதி, தேடிய இடம், கொடுத்த சொல், வரம்பு, கிடைத்த எண்ணிக்கை, எடுத்தவை. ஒன்றும் கிடைக்காத தேடலையும் எழுத வேண்டும். வாய்மொழித் தேர்வில் ‘ஏன் இந்த ஆவணத்தைப் பார்க்கவில்லை’ என்று கேட்டால் பதில் இந்த ஏட்டில்தான் இருக்கும் என்பது காரணம். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதி வரை அந்த ஏட்டில் 47 தேடல்கள் பதிவாயின.

இரண்டாவது முடிவு, தலைப்பைச் சுருக்குவது. வழிகாட்டியும் நூலகரும் மாணவியும் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து, ‘நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் அதற்கு முந்தைய வாரிசுமுறையும்’ என்று மாற்றினார்கள். கிடைக்கும் ஆவணத்துக்கு ஏற்பத் தலைப்பைச் சுருக்குவது குறுக்குவழி என்று சிலர் கருதுகிறார்கள். நான்கு மாதத்தில் 60 பக்கம் எழுத வேண்டிய மாணவிக்கு அதுவே நேர்மையான வழி.

மூன்றாவது, எதை எங்கே பார்ப்பது என்ற வரிசை. சட்டத் தொகுதிகள் பல்கலைக்கழக நூலகத்தின் மூடிய அடுக்கில் இருந்தன. காலை 11 மணிக்குள் சீட்டுக் கொடுத்தால் மதியம் கிடைக்கும். கணக்கெடுப்பு அறிக்கைகளின் மின்படிகள் இணையக் காப்பகத்தில் இருப்பதால் அவற்றுக்காகப் பயணம் வேண்டாம். 1908-ஆம் ஆண்டின் மருமக்கத்தாயக் கமிட்டி அறிக்கை பின்னணிக்காகத் தேவைப்பட்டது. அது இங்கே இல்லாததால், நூலகங்களை இணைக்கும் வலையமைப்பான டெல்நெட் வழியாக நூலகங்களிடைக் கோரிக்கை போடப்பட்டது. சட்டமன்ற விவாதங்களுக்கும் மூலக் கோப்புகளுக்கும் திருவனந்தபுரம் போவது. கேரள மாநில ஆவணக் காப்பகத்துக்கு வழிகாட்டியின் கடிதம், அடையாள அட்டை நகல், ஆய்வுப் பொருளைக் குறிப்பிடும் விண்ணப்பம் மூன்றையும் முன்கூட்டியே தயார் செய்தார்கள். காலை ரயிலில் போய் மாலையில் திரும்பும் தூரம்தான். கடிதம் இல்லாமல் போனால் அந்த ஒரு நாள் வீண்.

மலையாளப் பக்கங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து கொண்டுவந்த படங்களில் 30 பக்கங்களுக்கு மேல் மலையாளம். மாணவி மலையாளம் பேசுவார். களியக்காவிளைப் பக்கத்து உறவினர்களோடு பேசிப் பழக்கம். படிக்கத் தெரியாது. செல்பேசிச் செயலியில் படத்தைக் கொடுத்து எழுத்தாக மாற்றிப் பார்த்தார். 1971-இல் கேரளத்தில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய அச்சு அது. கூட்டெழுத்துகளைச் செயலி தவறாகப் பிரித்தது. ‘மக்கள்’ வரும் இடத்தில் ‘மருமக்கள்’ வரியையும் கலந்து, பங்கு யாருக்கு என்பதையே தலைகீழாக்கியது. இந்தப் பொருளில் இதைவிட ஆபத்தான பிழை இருக்க முடியாது.

நூலகத்தின் பருவ இதழ்ப் பிரிவில் வேலை செய்த உதவியாளர் ஒருவர் பாறசாலைப் பக்கம் மலையாள வழியில் படித்தவர். குறிப்புதவி நூலகர் பிரிவுத் தலைவரிடம் பேசி, வாரம் இரண்டு நாள் மதியம் ஒரு மணி நேரம் அவரை மாணவியோடு உட்கார வைத்தார். அவர் வாசிக்க, மாணவி தமிழில் எழுத, ஐயம் வந்த சொற்களை மட்டும் தனித்தாளில் குறித்து வழிகாட்டியிடம் காட்டினார்கள். ஐந்து அமர்வில் முடிந்தது. எந்த ஊழியருக்கு எந்த மொழி, எந்தப் பழைய எழுத்து தெரியும் என்ற பட்டியல் எந்த நூலகத்திலும் தொங்குவதில்லை. எல்லையோர நூலகத்தில் அந்த அறிவுக்கு ஒரு தரவுத்தளத்தின் மதிப்பு உண்டு.

நேர்ந்த பிழைகள்

முதல் திருவனந்தபுரப் பயணத்தில் மாணவி 140 பக்கங்களைப் படமெடுத்தார். ஒன்றிலும் முகப்புப் பக்கமோ தொகுதி எண்ணோ இல்லை. பக்க ஓரத்து எண்கள் பல படங்களில் வெட்டுப்பட்டிருந்தன. எந்தத் தொகுதியின் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத படம் அடிக்குறிப்புக்கு உதவாது. ஒன்பது நாள் கழித்து மறுபடி போக வேண்டி வந்தது. நூலகம் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். கடிதம் பற்றி விரிவாகச் சொன்னவர்கள் கேமரா பற்றிச் சொல்ல மறந்தார்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு தொகுதிக்கும் வரிசை ஒன்றே: முதலில் கோப்பு எண் எழுதிய சீட்டு, பிறகு முகப்பு, அதன் பின்பக்கம், பிறகு வேண்டிய பக்கங்கள் நான்கு ஓரமும் தெரிய, கடைசியில் மறுபடி சீட்டு. பிளாஷ் இல்லை.

இரண்டாவது பிழை, அந்த அரசைப் பற்றிய விவரக் கையேடான திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலில். 1906-இல் மூன்று தொகுதிகளாக வந்ததும் 1940-இல் நான்கு தொகுதிகளாக வந்ததும் வேறு வேறு ஆசிரியர் எழுதிய வேறு வேறு நூல்கள். மாணவி ஒன்றின் வாசகத்தை எடுத்து மற்றதன் பக்க எண்ணைக் கொடுத்திருந்தார். பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் இடறும் இடம் இது. அடிக்குறிப்பில் ஆசிரியரும் ஆண்டும் இல்லாமல் ‘ஸ்டேட் மானுவல்’ என்று மட்டும் எழுதவே கூடாது.

டெல்நெட் கோரிக்கை பலிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். அறிக்கை ஏப்ரல் மூன்றாம் வாரம்தான் வந்தது. அதற்குள் அந்த இயல் அச்சுக்குப் போய்விட்டது. கோரிக்கையை ஜனவரியிலேயே போட்டிருந்தால் பயன்பட்டிருக்கும்.

விளைவு

ஆய்வேடு குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்பு கொடுக்கப்பட்டது. சட்டத்தின் முழு வாசகத்தையும் மூலத்திலிருந்து படித்து, ஒப்புதல் தேதியைக் கொல்லம் மாதத்தோடும் ஆங்கிலத் தேதியோடும் சேர்த்துக் கொடுத்திருந்தார். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதிக நேரம் கேட்டது தேடல் குறிப்பேட்டைப் பற்றி. சார்பதிவாளர் அலுவலகப் பாகப்பத்திரங்களை ஏன் பார்க்கவில்லை என்றும் கேட்டார். அந்தக் குறை நியாயமானது. நேரம் போதவில்லை என்பதே பதில். சட்டம் வந்தபின் உண்மையில் எத்தனை குடும்பங்கள் பாகம் பிரிந்தன என்பதற்கு இந்த ஆய்வேட்டில் விடை கிடையாது.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

நூலகத்தில் மூன்று மாற்றங்கள் நடந்தன. இரவல் மேசையில், ‘பற்றி புத்தகம் இருக்கா’ என்ற கேள்வியோடு வருபவரைக் குறிப்புதவி மேசைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவரி அறிவுறுத்தல். ஆவணக் காப்பகம் போகும் மாணவர்களுக்குப் படமெடுக்கும் வரிசை அச்சிட்ட ஒரு அட்டை. மூன்றாவது, வெளியீட்டு ஆண்டு 1000-க்கும் 1130-க்கும் இடையே உள்ள பதிவுகளை எல்லாம் கோஹாவின் அறிக்கைப் பகுதியில் பிரித்தெடுத்துத் திருத்தத் தொடங்கியது. முதல் சுற்றில் 212 பதிவுகள் வந்தன. அவற்றில் சில வெறும் தட்டச்சுப் பிழைகள், உதாரணமாக 2011 என்பது 1011 ஆனவை. மற்றவற்றில் நூலை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்து, கொல்லம் ஆண்டை அப்படியே வைத்து, ஆங்கில ஆண்டைப் பகர அடைப்பில் சேர்த்து, 008-ஆம் புலத்தையும் மாற்ற வேண்டும். ஒரு பதிவுக்குச் சராசரி பத்து நிமிடம் ஆகிறது.

பாதி மட்டும் நடந்தது ஒன்று. நாஞ்சில் நாடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு போன்ற எல்லைப் பகுதிகளுக்கு 954.82, 954.83 இரண்டு இடத்திலும் ‘மற்ற அடுக்கையும் பார்க்க’ என்று பலகை வைக்கவும், பழைய தாலுகாப் பெயர்களின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் அட்டவணையில் இணைப்புக் குறிப்பாகச் சேர்க்கவும் நூலகர் எழுதிக் கொடுத்தார். பலகை வந்துவிட்டது. எழுத்துக்கூட்டல் இணைப்புக்கு ஆள் ஒதுக்கப்படவில்லை. அதுவரை, எல்லைப் பகுதியை ஆய்வு செய்ய வரும் ஒவ்வொருவருக்கும் குறிப்புதவி மேசையில் கையால் எழுதிய ஒரு தாளின் நகல் தரப்படுகிறது. அதில் தோவாளைக்கு நான்கு வடிவம், அகஸ்தீஸ்வரத்துக்கு ஐந்து, இரணியலுக்கு மூன்று இருக்கின்றன.